காய்ச்சல் வந்து போனது, கார்டில் எழுதவில்லை

கேள்வி: தெமட்டகொடையில் இருக்கிறேன். இப்போது 31 வாரக் கர்ப்பம். மூத்த மகன் 2021 ஆகஸ்டில் பிறந்தவன். அப்போது எனக்குக் கொரோனா வந்து, மூச்சு எடுக்க முடியாமல் ஒட்சிசன் வைத்து, 35 வாரத்திலேயே சிசேரியன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பல நாள் கழித்துத்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை 28ஆவது வாரத்தில் கணவருக்கு இருமலும் காய்ச்சலும் வந்து, பிறகு எனக்கும் வந்தது. வீட்டில் கிட் வைத்துப் பார்த்தோம், இரண்டு கோடு. "ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள், ஒருவரிடமும் மூச்சுவிடாதே" என்று மாமி சொல்லிவிட்டார். கொத்தமல்லியும் வெனிவெல் கட்டையும் அவித்துக் குடித்தேன். நாலைந்து நாளில் சுகமாகிவிட்டது. அந்த மாதம் கிளினிக்குக்கும் போகவில்லை. இப்போது இரவில் தூக்கமில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? பிரசவ நேரத்தில் மறுபடி வந்தால் பிள்ளையைக் கையில் தருவார்களா, பால் கொடுக்கலாமா? மூத்தவன் பேசப் பிந்தினான். இப்போது நர்சரிக்குப் போகிறான், இன்னும் சில சொற்கள் தெளிவில்லை. அதற்கும் அந்தக் கொரோனாதான் காரணமா?

ஒரு சகோதரி, கொழும்பு 9

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியையே முதலில் எடுக்கிறேன். 28ஆவது வாரத்தில் லேசாக வந்து, மூச்சுத் திணறல் இல்லாமல் நாலைந்து நாளில் போய்விட்ட கொரோனா, வயிற்றுப் பிள்ளையைப் பாதித்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிள்ளையின் கை, கால், இருதயம் எல்லாம் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே உருவாகிவிடும். 28 வாரத்தில் வந்த காய்ச்சல் அதில் ஒன்றும் செய்ய முடியாது. முதல் மூன்று மாதத்தில் தொற்று வந்த தாய்மாரிடம்கூட, பிறவிக் குறைபாடு கூடியதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. தாயிடமிருந்து வைரஸ் நேரே பிள்ளைக்குப் போவதும் அரிது. தொற்றோடு இருந்த தாய்மாரின் குழந்தைகளைப் பிறந்ததும் பரிசோதித்துப் பார்த்ததில், 100க்கு இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் பொசிட்டிவ் வந்திருக்கிறது.

அப்படியென்றால் 2021இல் ஏன் அவ்வளவு பாடு பட்டோம் என்று கேட்பீர்கள். கொரோனா பிள்ளைக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் தாய் வழியாகத்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிறு மேலே தள்ளி, நுரையீரலுக்கு விரிய இடம் குறைந்துவிடும். அதே நேரம் உடம்புக்கு ஒட்சிசன் கூடத் தேவை. இரத்தமும் சாதாரண காலத்தைவிட எளிதாக உறையும். இந்த நிலையில் நியூமோனியா வந்தால், அதே வயதில் கர்ப்பமில்லாத பெண்ணைவிட இவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவும் சுவாசக் கருவியும் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். தாயின் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கினால் பிள்ளைக்குப் போவதும் இறங்கும். மாதம் நிறையாத பிரசவங்கள் கூடியதற்கும் இதுதான் பெரிய காரணம். தாயைக் காப்பாற்றுவதற்காகவே பல பிள்ளைகளை முன்கூட்டி எடுக்க வேண்டி வந்தது. உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அது உங்கள் கர்ப்பப்பையின் குறை அல்ல. ஆகவே இந்த முறையும் 35 வாரத்தில் பிள்ளை வந்துவிடும் என்று இப்போதே நாள் எண்ண வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு, அது நச்சுக்கொடி. சில தாய்மாரில் வைரஸ் நச்சுக்கொடியிலேயே அழற்சியை உண்டாக்கி, இரத்தம் ஓடும் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. தாய்க்கு வெறும் தடிமல்தான், உள்ளே பிள்ளைக்கோ மூச்சு முட்டும். இது அபூர்வம், ஆனால் டெல்டா வகை பரவிய காலத்தில் உலகம் முழுக்க இதைப் பார்த்தார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2020 மார்ச் முதல் 2021 செப்டெம்பர் வரை நடந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தது. தொற்றில்லாத தாய்மாரில் பிள்ளை இறந்து பிறந்தது 1000க்கு ஆறு. தொற்றிருந்தவர்களில் 1000க்கு கிட்டத்தட்ட 13. டெல்டா மாதங்களை மட்டும் தனியாக எடுத்தால் 1000க்கு 27. அந்தப் பிரசவங்களில் பெரும்பாலானவை தடுப்பூசி பரவலாகக் கிடைக்காத காலத்துக்குரியவை. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு சினோபார்ம் ஊசி போடத் தொடங்கியதே 2021 ஜூனில்தான். ஆகஸ்டில் பிரசவித்த உங்களுக்கு அது எட்டியிருந்தால்கூட, இரண்டாவது ஊசியும் போட்டு அது வேலை செய்ய நேரம் குறைவாகத்தான் இருந்திருக்கும். இன்றைய வைரஸ் வேறு, இன்றைய உங்கள் உடம்பும் வேறு. முந்தைய தொற்றின் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, அந்த அலைக்குப் பிறகு ஊசி போட்டிருந்தால் அதுவும் சேரும். இரண்டாவது முறை நாலைந்து நாளில் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான். கொத்தமல்லிக்கு முழுப் பெயரையும் கொடுக்காதீர்கள்.

இனி மாமியின் விஷயம். அவர் சொன்னதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு, கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி இறுதிவரை அந்த விதி மாறவில்லை. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. பொசிட்டிவ் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்து, மூச்சு முட்டும்வரை வீட்டில் இருந்த குடும்பங்கள் இந்த நகரத்தில் இருந்தன. அதைக் கண்ணால் பார்த்த ஒரு தாய் "ஒருவரிடமும் சொல்லாதே" என்று சொன்னால், நான் அவரோடு வாதாட மாட்டேன். ஆனால் அந்த விதி இப்போது இல்லை, பொசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகத் தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் வழக்கமும் இல்லை என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் வாயால் கேட்டால் மாமிமார் நம்புவார்கள். மருமகள் சொன்னால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

உங்கள் கர்ப்பிணிக் கார்டில் 28ஆவது வாரத்தில் ஒன்றும் எழுதப்படாமல் இருக்கிறது. அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலய கிளினிக்கில் டொக்டரிடம், நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: எந்த வாரம், எத்தனை நாள் காய்ச்சல், என்ன மருந்து குடித்தீர்கள், போன முறை என்ன நடந்தது. யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் ஒரு நிமிடம், அதற்கு மேல் போகாது. நாளைக்கு இரவு இரண்டு மணிக்கு வலியோடு பிரசவ வார்டுக்கு ஓடும்போது, உங்களை முன்பின் பார்த்திராத ஒரு டொக்டர் அந்தக் கார்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். போன முறை சிசேரியன், 35 வாரம், ஒட்சிசன் வைத்தது, இவையும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

விட்டுப்போன கிளினிக்கில் விட்டுப்போனது கொரோனாக் கதை மட்டுமில்லை. 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரத்தத்தில் சீனி பார்ப்பார்கள். நீங்கள் போகாத மாதம் அதற்கான மாதமாகவே இருந்திருக்கக்கூடும். எடுக்கவில்லை என்றால் இப்போதாவது கேட்டு எடுங்கள். பிரஷரும் சிறுநீரில் புரதமும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தவர்களில் பிரஷர் கூடி வரும் முன்சூல்வலிப்பு கொஞ்சம் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. விடாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலப்பக்கம் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அது வேறு ஆபத்து, இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கும் அன்றே போக வேண்டும்.

ஸ்கேன் பற்றி. லேசான தொற்றுக்குப் பிறகு எல்லாருக்கும் கூடுதல் ஸ்கேன் வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வதில்லை. ஆனாலும் உங்கள் முதல் பிரசவத்தை வைத்துப் பார்த்தால், இந்த வாரமோ அடுத்த வாரமோ பிள்ளையின் வளர்ச்சியும் நீர் அளவும் பார்க்கும் ஒரு ஸ்கேன் எடுப்பதைத்தான் நான் விரும்புவேன். அது சரியாக இருந்தால், கொரோனாவுக்காக வாரத்துக்கு ஒரு ஸ்கேன் என்று தனியார் ஆஸ்பத்திரிகளில் காசைக் கொட்ட வேண்டிய தேவை இல்லை.

ஸ்கேனைவிட முக்கியமான ஒன்று உங்களிடமே இருக்கிறது. அது பிள்ளையின் துடிப்பு. நச்சுக்கொடி அழற்சியில் தாய்மார் முதலில் கவனித்தது பெரும்பாலும் அசைவு குறைந்ததைத்தான். உங்கள் பிள்ளை எந்த நேரம் அதிகம் துள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். இரவு இஷா தொழுதுவிட்டுச் சாய்ந்தால் ஒரு ஆட்டம், விடியற்காலையில் ஒரு ஆட்டம் என்று ஒரு பழக்கம் இருக்கும். அது குறைந்ததாகத் தோன்றினால், ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகப் படுத்து, போனை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கையை வயிற்றில் வைத்துக் கவனியுங்கள். பத்து அசைவு வரவில்லை என்றால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று பார்க்காதீர்கள். தெமட்டகொடையிலிருந்து பொரளையில் இருக்கிற காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும் டி சொய்சாவும் கிட்டத்தான். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை.

இனி, அடுத்த காய்ச்சல். கொழும்பில் ஒரு கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் என் தலையில் முதலில் மணி அடிப்பது கொரோனாவுக்கு அல்ல, டெங்குவுக்கு. வீட்டில் கிட்டில் இரண்டு கோடு வந்துவிட்டது, ஆகவே இது கொரோனாதான் என்று உட்கார்ந்தீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்தில் எனக்குக் குளிர் எடுத்த இடம் அதுதான். ஒரே ஆளுக்கு இரண்டும் ஒன்றாக வரலாம். கொரோனா கிட் டெங்குவைக் காட்டாது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்துக் கட்டம் தொடங்கும். சுகமாகிவிட்டது என்று நாம் நினைக்கிற அந்த நாளில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் பிரசவ வலி வந்தால் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. ஆகவே இனிக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே டொக்டரிடம் காட்டி, முழு இரத்தப் பரிசோதனை எடுங்கள். தங்கச் சொன்னால் தங்குங்கள்.

காய்ச்சலுக்கு பனடோல் மட்டும். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் இல்லை. உங்கள் உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும். புரூபன், டிக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டும். இந்த மாதத்தில் பிள்ளையின் இருதயத்திலிருந்து போகும் ஒரு இரத்தக் குழாயை முன்கூட்டியே மூடவும் செய்யும். உடம்பு உளைவு என்று பார்மசியில் கேட்டால் கவுண்டரில் இருக்கிற பையன் நீட்டுவது பல நேரம் இதைத்தான். கர்ப்பம் என்று சொல்லியே கேளுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் 2021இல் வாங்கியது வீட்டில் கிடந்தால் பற்றரியை மாற்றி வையுங்கள். கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே இறங்கினால், மூச்சுத் திணறல் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் பிள்ளைக்குப் போகும் கதிர் மிகமிகக் குறைவு.

கொத்தமல்லியும் இஞ்சியும் போட்ட கஷாயம் சூடாகக் குடிக்க இதமாக இருக்கும், குடியுங்கள். வெனிவெல் மட்டும் வேண்டாம். அந்த மஞ்சள் கட்டையில் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதைத் தவிர்க்கச் சொல்வது, பிள்ளையின் மஞ்சட்காமாலையை மோசமாக்கும் என்பதால். நாலைந்து நாள் குடித்ததற்காக இப்போது கலங்க வேண்டியதில்லை, வாரக்கணக்கில் அது உடம்பில் தங்காது. இனி அவிக்கும் பானையில் போடாமல் இருந்தால் போதும். குழந்தை பிறந்த பிறகு "கிருமி போகட்டும்" என்று அதன் நாக்கில் தொட்டு வைக்கவும் வேண்டாம். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று கேகாலைப் பாணிக்கு அலைமோதிய சனம் நினைவிருக்கும். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அதுவும் கர்ப்பிணிக்கான மருந்து இல்லை. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

பிரசவ நேரத்தில் பொசிட்டிவ் வந்தால்? அது சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. போன முறை சிசேரியன் என்பதால் இந்த முறை எப்படி என்று உங்கள் மகப்பேற்று நிபுணர் முடிவெடுப்பார், அதில் கொரோனாவுக்கு இடம் குறைவு. தாய்க்கு மூச்சுத் திணறல் இல்லாமல், பிள்ளையும் நல்லபடி இருந்தால், நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம், முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இலிருந்தே இதைத்தான் சொல்லி வருகிறது. அந்தக் காலத்தில் பல இடங்களில் பிரித்தார்கள், உண்மை. அப்போது யாருக்கும் தெளிவில்லை, பயம் முந்திக்கொண்டது. தாய்ப்பால் வழியாகத் தொற்றியதற்குச் சான்று இல்லை. பாலில் போவது எதிர்ப்பொருள்கள்தான். 28ஆவது வாரத்தில் உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளும் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு இப்போது போய்க்கொண்டிருக்கும். தொற்று இருந்தால் நீங்கள் மாஸ்க் போடுங்கள், கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், தொட்டிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குழந்தைக்கு மாஸ்க்கோ முகத் திரையோ போடக்கூடாது, மூச்சு முட்டும்.

பிறந்த குழந்தைக்குக் கொரோனா தொற்றினாலும் பெரும்பாலும் லேசாகத்தான் போகும். ஆனால் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. பனடோல் சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக்கூடாது. சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் படுக்கவைத்து, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். தூங்கும்போது 60க்கு மேல் போனாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க எழுப்பியும் எழும்பாவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும் யோசிக்க வேண்டாம். இடையில் சில விநாடி மூச்சை நிறுத்தி மறுபடி எடுப்பது மட்டும் பச்சைக் குழந்தைகளில் வழமை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிள்ளை பார்க்க வருபவர்களில் இருமுகிறவர்கள் வாசலோடு நிற்கட்டும். முகத்தில் முத்தம் வேண்டாம். ஏழாம் நாள் அகீகா விருந்துக்கு வீடு நிறையச் சனம் வரும் என்றால், பதினாலிலோ இருபத்தொன்றிலோ வைக்கலாமா என்று மௌலவியிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக மூத்தவன். கொரோனா அவன் பேச்சைக் கெடுத்ததா என்று ஒரு பிள்ளையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஆறு மாதக் குழந்தைகளைப் பார்த்தது. தாய்க்குத் தொற்று இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுமே, அதற்கு முன் பிறந்தவர்களைவிட உடல் இயக்கத்திலும் மற்றவர்களோடு பழகுவதிலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். மாசசூசெட்ஸில் நடந்த வேறொரு ஆய்வு, தாயின் தொற்றுக்கும் பிள்ளையின் வளர்ச்சித் தாமதத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டது. இரண்டையும் வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு வேறு காரணங்களே பெரிதாகத் தெரிகின்றன. 35 வாரத்தில் பிறந்தவன். அவன் பிறந்த அந்த மாதம் 20ஆம் திகதியிலிருந்து ஒக்டோபர் 1வரை நாடே ஊரடங்கில் கிடந்தது. முதல் மாதங்களில் வெளி மனிதர்களின் வாய் அசைவை அதிகம் பார்த்திருக்க மாட்டான், மாஸ்க்தான். போனும் கையில் இருந்திருக்கும்.

எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. முதலில் காது கேட்கும் பரிசோதனை. மாதம் நிறையாமல் பிறந்து குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைக்கு அது கட்டாயம், அப்போது செய்திருந்தாலும் இப்போது ஒருமுறை செய்யுங்கள். பிறகு பேச்சுச் சிகிச்சை. அவனுடைய குழந்தை வளர்ச்சிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வீட்டில் தமிழ், நர்சரியில் சிங்களமோ ஆங்கிலமோ என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு கெடாது, ஆனால் எந்த மொழியில் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து பிள்ளை பின்தங்கியவனாகத் தெரியக்கூடும். தமிழில் பேசும் சிகிச்சையாளர்கள் கொழும்பில் குறைவு. ஆகவே பெயர் பதியும்போதே, தமிழ் தெரிந்தவர் எந்த நாட்களில் இருப்பார் என்று கேட்டு அந்த நாளுக்குத் திகதி வாங்குங்கள். குழந்தை பிறந்த பிறகு உங்களுக்கு அலைய முடியாது, இந்த மாதமே போய்விடுங்கள்.